மூளையில் பேச்சுக்கென்று ஓர் இடமா?

மனித மூளையில் ஒவ்வொரு திறனுக்கும் அதற்கென ஓர் இடம் உண்டு என்பது கேள்வியே இல்லாமல் ஏற்கப்பட்டுவிட்ட கருத்து. பேச்சு இடது முன்கதுப்பில், கேட்ட சொல்லின் பொருள் இடது பொட்டுக் கதுப்பில், பார்வை பிடரிக் கதுப்பில் என்று இடம் பிரித்துச் சொல்லப்படுகிறது. பாடநூலின் மூளைப் படத்தில் வண்ணத்துக்கு ஒரு வேலை என்று அம்புக்குறி போடப்பட்டிருக்கிறது. ப்ரோக்கா பகுதியின் பணி என்ன என்ற கேள்விக்குப் ‘பேச்சு’ என்று எழுதினால் முழு மதிப்பெண். பக்கவாதத்தில் பேச்சிழந்தவரின் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “பேச்சு ஏரியா போயிடுச்சு” என்று உறவினர்களிடம் சொல்வதும் இதே நம்பிக்கையில்தான். இந்தக் கருத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அது மறைத்துவிடுவதால் விளையும் கேடு சிறியதல்ல.

அதன் வலுவை முதலில் முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டும். 1861 ஏப்ரலில், பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில், லெபோர்ன் என்ற நோயாளியைப் பால் ப்ரோக்கா பரிசோதித்தார். இருபத்தொரு ஆண்டுகளாக அங்கேயே கிடந்த அந்த மனிதருக்குச் சொன்னதெல்லாம் புரிந்தது. பதில் சொல்ல வாய் திறந்தால் ‘தான்’ என்ற ஓரசை மட்டுமே வந்தது. சில நாட்களில் அவர் இறந்தார். மறுநாளே அவருடைய மூளையை ப்ரோக்கா மானிடவியல் கழகத்தில் காட்டினார். இடது முன்கதுப்பின் கீழ்ப்புறம் சிதைந்திருந்தது. 1870இல் ஃப்ரிட்ஷும் ஹிட்ஸிக்கும் நாயின் பெருமூளைப் புறணியில் மின்சாரம் பாய்ச்சிக் குறிப்பிட்ட தசைகளை அசைத்துக் காட்டினார்கள். ரஷ்ய–ஜப்பானியப் போரில் தலையில் குண்டு பாய்ந்த வீரர்களை ஆராய்ந்த தட்சுஜி இனோயே, பார்வைப் புலத்தின் எந்தத் துண்டு பிடரிக் கதுப்பின் எந்தத் துண்டில் பதிகிறது என்று கணித்தார். மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையில் மின்முனையை வைத்து உதடு, விரல், கால் என்று புறணியின் மேல் உடலையே வரைந்துவிட்டார். இவை உறுதியான கண்டுபிடிப்புகள். இடம் என்பதே பொய் என்று வாதிடுபவர் இவற்றை எதிர்கொண்டாக வேண்டும்.

அப்படி வாதிடத் தேவையில்லை. கண்டுபிடிப்புகள் சரி, அவற்றிலிருந்து தாவி எட்டிய முடிவுதான் தவறு. ஆறு காரணங்கள் உண்டு.

1. பழுதான இடம் வேறு, பணி நடக்கும் இடம் வேறு. ஃப்யூஸ் போனால் வீடு இருண்டுவிடும். அதனால் வெளிச்சம் ஃப்யூஸுக்குள் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. மூளை விஷயத்தில் மட்டும் இந்தத் தாவல் நூற்றைம்பது ஆண்டுகளாக அனுமதிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஓர் இடம் சிதைந்ததும் பேச்சு போயிற்று என்பதிலிருந்து, பேச்சு நடக்க அந்த இடமோ அதன் வழியே போகும் ஏதோ ஒன்றோ தேவை என்பது வரை சொல்லலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல முடியாது. ப்ரோக்காவுக்குச் சில ஆண்டுகள் பின்னால் லண்டனில் பணியாற்றிய ஹியூலிங்ஸ் ஜாக்ஸன் இதைத் தெளிவாகவே எச்சரித்தார்: பேச்சைக் குலைக்கும் சேதத்தின் இடத்தைக் கண்டுபிடிப்பதும் பேச்சின் இடத்தைக் கண்டுபிடிப்பதும் இரண்டு வெவ்வேறு செயல்கள். எச்சரிக்கை பாடநூலுக்குள் நுழையவில்லை, வரைபடம் நுழைந்துவிட்டது.

2. அடித்தளமாகக் காட்டப்படும் மூளையே அந்தக் கருத்தைத் தாங்கவில்லை. ப்ரோக்கா தம் நோயாளிகளின் மூளைகளை அறுக்காமல், சாராயத்தில் ஊறவைத்துப் பாதுகாத்தார். வருங்காலம் சரிபார்க்க வேண்டும் என்று நினைத்த அந்த நேர்மைக்கு அறிவியல் கடன்பட்டிருக்கிறது. பாரிஸின் துப்யுயித்ரன் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்ட லெபோர்னின் மூளையையும், அதே ஆண்டு இறந்த லெலோங் என்ற இரண்டாம் நோயாளியின் மூளையையும் நீனா ட்ரோங்கர்ஸ் குழுவினர் நுண்துல்லிய எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்து ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். ப்ரோக்கா மேற்பரப்பை மட்டுமே பார்த்திருந்தார். கருவி உள்ளே பார்த்தது.

லெபோர்னின் சேதம் புறணியோடு நிற்கவில்லை. ஆழத்தில் இன்சுலா எனப்படும் உள்மடிப்பையும், அதற்கும் உள்ளே இருக்கும் அடித்தள முடிச்சுகளையும் அரித்துக்கொண்டு போயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூளையின் முன்புறத்தையும் பின்புறத்தையும் பிணைக்கும் நீள் நரம்பிழைக் கற்றை அறுந்திருந்தது. லெலோங்கின் மூளையிலோ இன்று ‘ப்ரோக்கா பகுதி’ என்று குறிக்கப்படும் பரப்பின் ஒரு பங்கு சேதமின்றியே இருந்தது. ஆனால் அங்கேயும் அந்த நீள்கற்றை பாதிக்கப்பட்டிருந்தது. உலகின் எல்லாப் பாடநூல்களும் ஓர் இடத்தின் சான்றாகக் காட்டும் இரண்டு மூளைகளும், கூர்ந்து பார்த்தால், ஒரு பாதை அறுந்ததற்கான சான்றுகளாகவும் இருக்கின்றன. இந்தச் செய்தி வந்து பல ஆண்டுகள் ஆகியும் அம்புக்குறி மாறவில்லை.

எல்லை விஷயத்திலும் இதே நிலைதான். மொழி ஆய்வாளர்களிடையே நடத்திய ஒரு கணக்கெடுப்பை பாஸ்கல் ட்ரம்ப்ளேயும் அந்தோனி டிக்கும் 2016இல் வெளியிட்டனர். கேட்ட சொல்லின் பொருளுக்கு உரியதாகச் சொல்லப்படும் வெர்னிக்கே பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு எந்த ஒரு விளக்கமும் பாதிப் பேரின் ஒப்புதலைக்கூடப் பெறவில்லை. நிபுணர்களே ஒன்றுபடாத எல்லையை மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

3. இடங்கள் நலமாக இருக்கும்போதே திறன் போய்விடுகிறது. இதுதான் மிக வலுவான சான்று. மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே. 1887இல் பாரிஸைச் சேர்ந்த படித்த வணிகர் ஒருவருக்கு ஒரு நாள் திடீரென எழுத்துகள் புரியாமல் போயின. பார்வை பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பேச்சு தெளிவாக இருந்தது. பிறர் சொல்லச் சொல்லப் பிழையின்றி எழுதவும் முடிந்தது. தாமே எழுதி முடித்த தாளைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியவில்லை. எழுத்தின் வடிவத்தை விரலால் வரைந்து பார்த்தால் அது என்ன எழுத்து என்று சொல்லிவிடுவார்; கை சொன்னது கண்ணுக்குத் தெரியவில்லை. 1892இல் அவர் இறந்த பின் ஜூல் தெஜெரின் மூளையை அறுத்துப் பார்த்தார். இடது பிடரிக் கதுப்பும், இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் பின்முனையும் பழுதாகியிருந்தன. வலது பிடரி எழுத்தைப் பார்த்தது. இடது பக்கத்து மொழிப் பகுதிகள் முதலாண்டுகளில் நலமாகவே இருந்தன. பார்த்தது மொழியைச் சென்றடைய வழிதான் இல்லை. ‘வாசிப்பின் இடம்’ எங்கே என்று இந்த மனிதரின் மூளையில் தேடினால் கிடைக்கும் விடை, எந்த இடமும் இல்லை என்பதே.

இந்த வகை நோய்களை 1965இல் பாஸ்டனைச் சேர்ந்த நார்மன் கெஷ்விண்ட் ஒன்றாகத் திரட்டி, ‘இணைப்பறுவு நோய்கள்’ என்ற கோட்பாட்டை முன்வைத்தார். அது புதிதாகப் பிறந்ததும் அல்ல. வெர்னிக்கே பகுதிக்குப் பெயர் தந்த வெர்னிக்கே 1874இல், இருபத்தாறு வயதில், எழுதிய நூலே இதைச் சொல்கிறது. எளிய புலனுணர்வுகளும் அசைவுகளும் மட்டுமே இடங்களுக்குரியவை, மற்றவை இடங்களைப் பிணைக்கும் இழைகளின் வேலை என்பது அவர் நிலைப்பாடு. கேட்கும் பகுதிக்கும் பேசும் பகுதிக்கும் நடுவே இழைகள் அறுந்தால் என்ன குறை வரும் என்றுகூட முன்கூட்டியே கணித்தார். இடக்கோட்பாட்டின் தூண்களில் ஒன்றாக இன்று அவர் பெயர் சொல்லப்படுவது அவருக்கு இழைக்கப்படும் அநீதி.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கலிஃபோர்னியாவில் வில்லியம் ஹிர்ஸ்டைனுடன் சேர்ந்து 1997இல் விவரித்த நோயாளியும் இந்த வரிசையில்தான் வருகிறார். தலையில் அடிபட்ட அந்த இளைஞர் தம் பெற்றோரைப் பார்த்து, முகம் அவர்களுடையதுதான், ஆனால் இவர்கள் வேடமிட்டு வந்த வேறு ஆட்கள் என்றார். தொலைபேசியில் குரலைக் கேட்டால் சந்தேகம் எழவில்லை. பழகிய முகத்தைக் காட்டியபோது மற்றவர்களுக்குத் தோலில் அளவிடக்கூடிய வியர்வை மாற்றம் இவருக்கு வரவில்லை. முகத்தை அறியும் பகுதிக்கும் உணர்ச்சி எழுப்பும் பகுதிக்கும் இடைப்பட்ட வழி அறுந்து, செவி வழியாகப் போகும் வழி தப்பியிருக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். நோய்க்குப் பழைய பெயர் காப்கிரா. அதை வெறும் மனச்சிக்கல் என்று விளக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது.

4. இடத்தையே வெட்டி எடுத்த பிறகும் திறன் நிலைக்கிறது. 1978இல் ஜே.பி. மோர் குழுவினர் காட்டியது இது: சேதம் ப்ரோக்கா பகுதிக்குள் மட்டும் அடங்கியிருந்தால் நோயாளி சில காலம் ஊமையாகிப் பின் பெரிதும் மீள்கிறார், நீடிக்கும் பேச்சிழப்புக்கு அதைவிட விரிந்த சேதம் வேண்டும். இன்னும் கண்கூடான சான்று பிரான்சின் மோன்பெலியே நகர அறுவை அரங்கில் கிடைத்தது. அங்கே ஊக் துஃபோ மெதுவாக வளரும் மூளைக் கட்டிகளை நோயாளி விழித்திருக்கும்போதே அகற்றுகிறார். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. மண்டையோட்டுத் தோலை மரத்துப்போகச் செய்தால் போதும். நோயாளியிடம் ஒவ்வொரு படமாகக் காட்டிப் பெயர் கேட்கிறார்கள். அறுவை மருத்துவர் ஓர் இடத்தில் மெல்லிய மின்சாரத்தை வைக்கிறார். பெயர் தடையின்றி வந்தால் அந்த இடத்தை எடுக்கலாம். நா தடுமாறினால் கத்தி அங்கே நிற்க வேண்டும்.

இந்த முறையில் ப்ரோக்கா பகுதியை உள்ளடக்கிய திசுவை எடுத்த பின்னும் நோயாளிகள் பேசினார்கள், வேலைக்குத் திரும்பினார்கள். கட்டி பல ஆண்டுகளாக மெல்ல வளர்ந்ததால், பணி சுற்றுப் பகுதிகளுக்கு மாறிக்கொள்ள நேரம் கிடைத்திருந்தது. ஆனால் கத்தி, புறணிக்கு அடியில் நரம்பிழைகள் ஓடும் வெண்ணிறப் பகுதியை எட்டியதும் நிலை வேறு. வில்போல் வளைந்து பொட்டுக் கதுப்பையும் முன்கதுப்பையும் பிணைக்கும் கற்றையை மின்சாரம் தொட்டால் சொல்லின் ஒலிகள் மாறிப்போகின்றன. அதற்குக் கீழே பிடரியிலிருந்து முன்கதுப்புக்குப் போகும் கற்றையைத் தொட்டால், ஒலி சரியாகவும் பொருள் தவறாகவும் வேறொரு சொல் வருகிறது. 58 நோயாளிகளில் எடுக்க முடியாமல் விட்ட கட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் துஃபோ குழுவினர் 2011இல் ஒரு வரைபடம் வெளியிட்டனர். புறணியின் பெரும்பகுதிக்கு மாற்று ஏற்பாடு உண்டு, நெடும்பாதைகளுக்குப் பெரும்பாலும் இல்லை என்று அது காட்டியது. இடக்கோட்பாடு சரியாக இருந்தால் இந்த முடிவு தலைகீழாக வந்திருக்க வேண்டும்.

5. இடத்துக்கு வேலையைக் கொடுப்பதே இணைப்புதான். பிறந்த சில நாட்களே ஆன ஃபெர்ரெட் என்ற சிறு விலங்கின் கண்ணிலிருந்து வரும் நரம்பிழைகளை, செவிக்குரிய பாதையில் போய்ச் சேரும்படி எம்.ஐ.டி.யில் மிருகாங்க சூர் குழுவினர் திருப்பிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான அவர்களுடைய ஆய்வில், ஒலிக்கென்று ‘ஒதுக்கப்பட்ட’ புறணி, கோடுகள் எந்தச் சாய்வில் நிற்கின்றன என்று பிரித்தறியும் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தது. விலங்கும் அந்தப் புறணியைக் கொண்டு ஒளியைக் கண்டுகொண்டது. மனிதரிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. பிறவியிலேயே பார்வையற்று, பிரெய்லில் தேர்ச்சி பெற்றிருந்த ஒரு பெண்ணுக்குப் பிடரிக் கதுப்பின் இருபுறமும் பக்கவாதம் தாக்கியது. அவர் விரல்களுக்குப் புள்ளிகள் தெரிந்தன; பிரெய்ல் வாசிப்பு போய்விட்டது. ஒருநாளும் ஒளி காணாத ‘பார்வைப் பகுதி’ அவருக்கு வாசித்துக் கொடுத்திருக்கிறது.

வாசிப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத்து பிறந்து ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. பரிணாமம் அதற்கென ஓர் இடத்தைச் செதுக்க அந்தக் காலம் போதாது. ஆனாலும் வாசிக்கக் கற்றவர்களிடம் இடது மூளையின் அடிப்புறத்தில் ஏறக்குறைய ஒரே பகுதி எழுத்துக்கு வினைபுரிகிறது. ஏன் அங்கே? ஐந்து வயதில், வாசிக்கத் தெரியாத குழந்தைகளின் இழைப் பாதைகளைப் பதிவு செய்து, எட்டு வயதில் அதே குழந்தைகளை மறுபடி பார்த்தார் ஸெய்னெப் சாய்கின். எந்த இடம் எழுத்துக்கு உரியதாக மாறும் என்பதை அந்த முந்தைய பாதைகளே கூறிவிட்டன. 2016இல் வெளியான இந்த ஆய்வு ஒன்றே போதும்: பாதை முதலில் இருக்கிறது, இடம் அதன் விளைவாக வருகிறது.

6. ‘ஸ்கேனில் ஒளிர்கிறது’ என்பது சான்றாகாது. செயல்சார் எம்.ஆர்.ஐ. நியூரான்களைப் பார்ப்பதில்லை, ரத்தத்தின் ஆக்ஸிஜன் மாற்றத்தைப் பார்க்கிறது. அது உச்சத்தை எட்டச் சில விநாடிகள் பிடிக்கும். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் பல லட்சம் நியூரான்கள் அடக்கம். சிவப்பாகத் தெரிவது, ஒரு வேலையின்போதும் இன்னொன்றின்போதும் கிடைத்த அளவுகளின் வேறுபாடு ஒரு வரம்பைத் தாண்டியது என்பதை மட்டும் குறிக்கிறது. அந்த முறை வெண்ணிறப் பகுதியைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. இருபது வயது ஆணின் மூளையில் மையலின் உறையிட்ட இழைகளை நீட்டி வைத்தால் சுமார் 1,76,000 கிலோமீட்டர், பெண்ணின் மூளையில் சுமார் 1,49,000 கிலோமீட்டர் என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2003இல் கணக்கிட்டனர். இத்தனை நீளத்தையும் விட்டுவிட்டு எடுத்த படத்தை மூளையின் முழுப் படம் என்று காட்டுவது தவறு.

இடம் இல்லையென்றால் எல்லாம் எங்கும் நடக்கிறதா என்று எதிர்க்கேள்வி வரும். கார்ல் லாஷ்லி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எலிகளை வைத்து ஏறக்குறைய அப்படித்தான் வாதிட்டார். அந்த வாதம் தோற்றது. முதல்நிலைப் பார்வைப் புறணியும், தசைகளை அசைக்கும் பட்டையும் மாற்ற முடியாத அளவுக்கு இடம் சார்ந்தவை. பென்ஃபீல்டின் கண்டுபிடிப்பை யாரும் மறுக்கவில்லை. மறுக்கப்படுவது, உதட்டை அசைக்கும் இடத்தைக் கண்டதைப் போலவே பேச்சின் இடத்தையும், வாசிப்பின் இடத்தையும், அன்பின் இடத்தையும் கண்டுவிடலாம் என்ற நீட்சி.

பாதைகளைப் பேசுபவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நீர் மூலக்கூறுகள் இழையின் போக்கில் எளிதாகப் பரவுவதை அளந்து, கணினி வரையும் வண்ணக் கற்றைகள் இன்று எங்கும் காணக் கிடைக்கின்றன. அவை நேரில் எடுத்த படங்கள் அல்ல, கணிப்புகள். க்ளாவுஸ் மையர்-ஹைன் ஒருங்கிணைத்த ஒரு சோதனையில், விடை முன்பே தெரிந்த செயற்கைத் தரவைப் பல குழுக்களிடம் கொடுத்தார்கள். பெரும்பாலான குழுக்கள் இருக்கும் கற்றைகளைக் கண்டுபிடித்தன. இல்லாத கற்றைகளையும் ஏராளமாக வரைந்துவிட்டன. 2017இல் வெளியான அந்த முடிவு பாதை ஆய்வாளர்கள் அனைவரையும் கட்டுப்படுத்தும். பதப்படுத்திய மூளையை உறைய வைத்து, பனிப் படிகங்கள் இழைகளைப் பிரித்த பின் மரக்கரண்டியால் ஒவ்வொன்றாக உரித்தெடுக்கும் முறையை 1930களில் பாசலில் யோசஃப் க்ளிங்க்லர் வகுத்தார். அந்தப் பழைய கைவேலை இன்றும் கணினிப் படங்களைச் சரிபார்க்கத் தேவைப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் கருவின் மூளைக்கு 5,132 வெட்டுத் துண்டுகளிலிருந்து உருவாக்கிய முப்பரிமாண வரைபடத்தை வெளியிட்டது. செல் அளவுக்கு இறங்கி நேரில் பார்க்கும் இத்தகைய உழைப்பு இடக்கோட்பாட்டின் பக்கமும் இல்லை, பாதைக்கோட்பாட்டின் பக்கமும் இல்லை. இரண்டையும் சோதிக்க அது உதவுகிறது.

கருத்து தவறாக இருந்தால் யாருக்கு நட்டம் என்பதையும் பார்த்துவிட வேண்டும். முதல் நட்டம் பெற்றோருக்கு. திறன் ஓர் இடத்தில் இருக்கிறது என்று நம்பினால், அந்த இடத்தைத் ‘தூண்டி’ விடலாம் என்றும் நம்ப நேர்கிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ என்று சொல்லிக் குழந்தையின் கண்ணைக் கட்டி, தாளைப் படிக்கவைப்பதாகக் கூறிப் பணம் வாங்கினார்கள். நடுமூளை என்பது மூளைத் தண்டின் மேல்முனையில் இருக்கும் சிறு பகுதி. கண்மணியைச் சுருக்குவது, விழிகளைத் திருப்புவது, அசைவைச் சீர்செய்யும் டோபமைனைச் சுரப்பது அதன் வேலைகளில் சில. பிறந்த நாள் முதல் அது இயங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

அடுத்த நட்டம் மருத்துவத்தில். 1848இல் அமெரிக்க ரயில்பாதைத் தொழிலாளி ஃபினியஸ் கேஜின் தலையை ஓர் இரும்புக் கடப்பாரை துளைத்துப் போனது; அவர் குணம் மாறியதாகச் சொல்லும் கதை ‘ஆளுமையின் இடம் முன்கதுப்பு’ என்பதற்கு இன்றும் உதாரணமாகக் காட்டப்படுகிறது. அவருடைய மண்டையோட்டை வைத்துக் கணினியில் மறுஆக்கம் செய்த வான் ஹார்ன் குழு, 2012இல், புறணியில் சுமார் 4 விழுக்காடும் வெண்ணிறப் பகுதியில் சுமார் 11 விழுக்காடும் சேதமாகியிருக்கும் என்று மதிப்பிட்டது. கடப்பாரை நுழைந்த ஓட்டையைப் பார்த்தவர்களுக்கு தொலைவில் இருக்கும் பகுதிகளுக்குப் போகும் வழியில் கடப்பாரை துண்டித்த இழைகள் கண்ணில் படவில்லை.

இதே குருட்டுப் புள்ளி பக்கவாத வார்டில் நாள்தோறும் செயல்படுகிறது. சேதம் பெரிது, பேச்சு வராது; சேதம் சிறிது, கவலை வேண்டாம் என்று அளவை வைத்துக் குடும்பத்தாரிடம் சொல்லப்படுகிறது. பாஸ்டனில் கோட்ஃப்ரீட் ஷ்லாக்கின் ஆய்வகம் இடப்பக்கப் பக்கவாதத்தால் பேச்சு தடைப்பட்ட 30 பேரை ஆராய்ந்து 2011இல் காட்டியது வேறு: பேச்சின் சரளத்தை முன்னுரைப்பதில், சேதத்தின் மொத்த அளவைவிட, பொட்டுக் கதுப்பையும் முன்கதுப்பையும் பிணைக்கும் அந்த வில்வடிவக் கற்றையில் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்பதே மேலானது. கற்றை பெரிதும் அறுந்த நோயாளிகளுக்கு அதே ஆய்வகம், சொற்களை இழுத்துப் பாடி, இடக்கையால் தாளமிட்டுப் பேசவைக்கும் பயிற்சியை மாதக்கணக்கில் கொடுத்தது. 2009இல் வெளியான முடிவில், பயிற்சி பெற்ற ஆறு பேரின் வலது அரைக்கோளத்தில் அதே கற்றையின் இழைகள் கூடியிருப்பது பதிவானது. ஆறு பேர் குறைந்த எண்ணிக்கைதான். மேலும் பரந்த ஆய்வுகள் தேவை. ஆனால் ‘பேச்சு ஏரியா போயிடுச்சு’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிக்கு இந்தப் பயிற்சியைத் தொடங்கிப் பார்க்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. வார்டிலிருந்து வெளிவரும் ஸ்கேன் அறிக்கையில் சேதத்தின் நீள அகலத்தோடு எந்தக் கற்றை, எவ்வளவு தூரம் அறுந்திருக்கிறது என்ற வரியும் சேர வேண்டும்.